மின்சார மிதிவண்டிக்குக் கம்பியில்லா மிதிவீத உணர்கருவி

மிதிவண்டியை அறியாத மாணவர் நம்முள் இலர். அதனோடு சிறு மோட்டாரும் பாட்டரியும் பொருந்திய மின்சார மிதிவண்டியும் இக்காலத்தே பல ஊர்த் தெருக்களில் ஓடுகின்றது. ஏறியிருப்போன் மிதிக்குங்கால் மோட்டார் துணைசெய்தலும், அவன் மிதிப்பதை நிறுத்தியவுடன் தானும் ஓய்தலும் இவ்வண்டியின் இலக்கணமாம். ஐரோப்பிய ஒன்றியம் 2013ஆம் ஆண்டில் இயற்றிய ஒழுங்குவிதியொன்றும் இதனை வலியுறுத்துகின்றது. மோட்டாரின் தொடர் ஆற்றல் 250 வாட்டுக்கு மேற்படாமலும், மிதித்தல் நின்றவுடன் மோட்டார் நிற்குமாறும், மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தை எய்துமுன் துணை அறுமாறும் அமைந்த மிதிவண்டிகளையே அது மோட்டார் வண்டிகளுக்குரிய விதிகளினின்றும் விலக்கியுள்ளது.

ஆயின், ஏறியிருப்போன் மிதிக்கின்றானா இல்லையா என்பதை மோட்டார் எங்ஙனம் அறியும்? அதனை அறிவிப்பதே மிதிவீத உணர்கருவி. மிதிவீதமாவது ஒரு நிமிஷத்திற் பெடல் சுற்றும் சுற்றுக்களின் தொகை. இக்கருவியை நாமே அமைக்குமாற்றையும், அமைக்குங்கால் மறவாது காக்கவேண்டிய நெறியையும் ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

எளிய முறை, கிராங்கில் ஒரு காந்தத்தையும் சட்டகத்தில் ஒரு காந்தச் சுவிட்சையும் பொருத்துவதாம். சுற்றுக்கொரு துடிப்பு உண்டாகும். மிதிவீதத்தைக் கண்டறிய மட்டும் விரும்புவோர்க்கு இது போதும். மோட்டாரை ஆளுதற்கோ போதாது. ஏனெனில், நிமிஷத்திற்கு 40 சுற்று மிதிப்போனுக்கு இரண்டு துடிப்புக்களின் இடைக்காலம் ஒன்றரை வினாடி. அவன் மிதிப்பதை நிறுத்தினும், அவ்வொன்றரை வினாடி கழியுமுன் கருவி அதனை அறியமாட்டாது. மணிக்கு 18 கிலோமீட்டர் செல்லும் வண்டி வினாடிக்கு 5 மீட்டர் செல்லுமாதலின், அதற்குள் ஏழரை மீட்டர் தூரம் மோட்டார் வண்டியை உந்திச் செல்லும். குறுக்கே ஒரு குழந்தை ஓடிவரின் விளைவு யாதாகுமென்பதை நாம் சொல்லவேண்டுவதில்லை.

ஆதலின், காந்தத்தை விடுத்து ஜைராஸ்கோப்புச் சில்லொன்றைக் கிராங்கின் உட்புறத்திற் பொருத்துவோம். அதனுள் அதிர்ந்துகொண்டிருக்கும் நுண்ணிய பொருள், சுழற்சி நேருங்கால், கொரியோலிசு விசையால் பக்கவாட்டில் விலகும். அவ்விலகலினின்று வினாடிக்கு எத்தனை பாகை சுழல்கின்றதென்பது பெறப்படும். அப்பாகையை 6ஆல் வகுப்பின் மிதிவீதம் கிடைக்கும். 360 பாகையெனின் 60 சுற்று. திண்பொருளொன்றின் எல்லாப் புள்ளிகளும் ஒரே கோணவேகத்திற் சுழல்வனவாதலின், சில்லைக் கிராங்கில் எவ்விடத்து வைப்பினும் அளவு மாறாது. அதன் அச்சு கிராங்கின் அச்சுக்கு இணையாயிருத்தலே வேண்டுவது. பின்னோக்கி மிதிப்பின் எண் எதிர்க்குறி பெறும். அளவெல்லையை 500 பாகையாக வைப்பின் 83 சுற்றுக்கு மேல் அளக்கவியலாது. ஆகவே 1000 பாகையாக வைக்க.

கிராங்கு சுழல்வதாதலின், அதிற் கம்பி பிணைப்பின் முறுகி அறும். இது பற்றியே கம்பியில்லாச் செய்தி வேண்டப்படுகின்றது. 2.4 கிகாஹெர்ட்சு வானொலி அமைந்த மைக்ரோகண்ட்ரோலர் ஒன்றையும், மின்னேற்றத்தக்க சிறு லிதியம் பாட்டரியையும் ஜைராஸ்கோப்போடு இணைத்து, நீர் புகாத பிளாஸ்டிக் பெட்டியில் அடைக்க. உலோகப் பெட்டி வானொலியலையை மறைக்கும், ஆதலின் ஆகாது. கருவி வினாடிக்கு 20 செய்தி அனுப்புக. ஒவ்வொன்றிலும் மிதிவீதமும், பிறர் கருவியினின்று பிரித்தறிதற்கு ஓர் அடையாள எண்ணும், பழஞ்செய்தியைப் புதிதென மயங்காமைக்கு ஒரு வரிசை எண்ணும் இருத்தல் வேண்டும்.

இனி, செய்தியை ஏற்கும் கருவி மோட்டாரின் கண்ட்ரோலருக்கருகில் இருப்பது. வண்டியிலிருந்த பழைய உணர்கருவி சுற்றுக்கு எத்தனை துடிப்புத் தந்ததென முன்னரே எண்ணிக்கொண்டு, அத்தகைய துடிப்புக்களையே இதுவும் தருதல் வேண்டும். சுற்றுக்கு 12 எனின், 60 சுற்று மிதிக்குங்கால் வினாடிக்கு 12 துடிப்பாம்.

ஈண்டே நாம் முற்கூறிய நெறி வருகின்றது. வானொலிச் செய்தி எப்பொழுதும் வந்து சேருமென்பதில்லை. மனிதனது கால் பெரும்பாலும் நீர்மயமாதலின் அவ்வலையை உறிஞ்சும், பாட்டரியும் தீரும். செய்தி வாராதபோது கடைசியாகக் கேட்ட வீதத்தையே பற்றிக்கொண்டு துடிப்பைத் தொடருங் கருவி ஆபத்தானது. எனவே, ஒவ்வொரு செய்தியும் அடுத்த ஐந்திலொரு வினாடிக்கு மட்டுமே உத்தரவாகக் கொள்ளப்படுக. நான்கு செய்திகள் அடுத்தடுத்துத் தவறின் துடிப்பு நிற்க. அதற்குள் வண்டி செல்வது ஒரு மீட்டரே. ஏற்குங் கருவியின் நிரல் தானே உறைந்துபோதலும் கூடுமாதலின், துடிப்பைத் தானே ஓடும் கடிகையிடம் ஒப்புவியாது, செய்தியை ஆராய்ந்த பின்னரே ஒவ்வொன்றாய் எழுப்புக.

தொடங்குதற்கு இதற்கு மாறான விதி வேண்டும். வண்டியைத் தள்ளிச் செல்லும்போதும் பள்ளத்தில் குலுங்கும்போதும் கிராங்கு சிறிது அசையும். ஜைராஸ்கோப்பும் அசையாதபோதே சில பாகை காட்டும் இயல்பினது. ஆதலின், 15 சுற்றுக்குக் குறைந்த வீதத்தை மிதிப்பெனக் கொள்ளற்க. முன்னோக்கிக் கால்சுற்று முற்றிய பின்னரே மோட்டாரை எழுப்புக. தொடங்கத் தயங்குதலும் நிறுத்த விரைதலும் இக்கருவிக்கு இருகண் போல்வன. பிரேக்குப் பிடியினின்று மோட்டாரை நிறுத்தும் கம்பியை ஒருபோதும் அகற்றலாகாது.

வேலை முடிந்தபின் உடனே தெருவிற்குச் செல்லற்க. மோட்டார்ச் சக்கரம் நிலத்திற் படாதவாறு வண்டியைத் தாங்கியில் ஏற்றிப் பெடலைக் கையாற் சுழற்றுக. மோட்டார் ஓடுங்கால், அனுப்புங் கருவியை உடனிருப்பவர் நிறுத்தட்டும். பின்னொருமுறை அதனைத் தகரத்தால் மூடட்டும். ஏற்குங் கருவியின் மின்னோட்டத்தையும் துண்டிக்கட்டும். ஒவ்வொரு முறையும் மோட்டார் உடனே ஓய்தல் வேண்டும். ஒருமுறை ஓயாதொழியினும் குறையைக் கண்டு திருத்துமளவும் அவ்வண்டியில் ஏறுதல் தகாது.

கருவி நன்றாய் இயங்குங்கால் எங்ஙனம் இயங்குமென்பதை மட்டும் எண்ணுதல் பாதி வேலையே. அது பழுதுறுங்கால் யாது செய்யுமென முன்னரே எண்ணி, அப்பழுதும் பிறர்க்குத் தீங்கு பயவாதவாறு அமைத்தலே யந்திர நூல் கற்போர் கைக்கொள்ளவேண்டிய வழக்கம். விஞ்ஞான வகுப்பு மாணவர் சிலர் கூடி இதனைச் செய்துபார்ப்பின், இயற்பியற் பாடத்திற் கற்ற கோணவேகம் கையிலே பயன்படுவதைக் காண்பர்.