அடுப்பு மூட்டுமுன் ஒரு பிடி

வேதபாடம்: 1 இராஜாக்கள் 17:8-24; மாற்கு 12:41-44; 1 கொரிந்தியர் 11:17-34

விசுவாச வாழ்க்கை நடைபெறும் இடம் எது என்று வினவினால் பலரும் ஆலயத்தையே சுட்டிக்காட்டுவர். ஞாயிறு ஆராதனை, உபவாச ஜெபம், கன்வென்ஷன் கூட்டம் என்று அவர்களுடைய பட்டியல் நீளும். மிசோராம் மாநிலத்துக் கிறிஸ்தவத் தாய்மாரைக் கேட்டால் அவர்கள் சமையலறையையும் சேர்த்துக் காட்டக்கூடும்.

அவ்வீடுகளில் சோறே பிரதான உணவு. உலை வைப்பதற்கு அரிசியை அளந்தெடுக்கும் வேளையில், வீட்டுத்தலைவி அதிலிருந்து ஒரு பிடி அள்ளித் தனிப் பாத்திரத்தில் இடுகிறாள். எத்தனை முறை சோறு சமைக்கப்படுகிறதோ அத்தனை முறையும் இது நடைபெறுகிறது. இவ்விதம் சேர்ந்த அரிசி சபையில் திரட்டப்பட்டு, விற்கப்பட்டு, ஊழியத்திற்குப் பணமாகிறது. மிசோ மொழியில் இதற்குப் 'புஹ்ஃபாய் தாம்' என்று பெயர். 'பிடியரிசி' என்பதே பொருள். பிரஸ்பிட்டேரியன் சபையிலும் பாப்டிஸ்ட் சபையிலும் வேரூன்றிய இவ்வழக்கம் 1910ஆம் ஆண்டளவில் தொடங்கியது.

இந்த ஆண்டுக் கணக்கைச் சற்று உற்றுநோக்க வேண்டும். லொரெயின், சாவிட்ஜ் என்னும் இரு மிஷனரிகள் அம்மலைநாட்டிற்கு வந்து சேர்ந்தது 1894 ஜனவரி 11ஆம் நாள். அதற்குமுன் மிசோ மொழிக்கு எழுத்தே இல்லை. ஆக, பிடியரிசி எடுக்கத் தொடங்கிய பெண்கள் முதல் தலைமுறை விசுவாசிகள். அவர்களில் பலருக்கு வாசிக்கத் தெரிந்திராது. காணிக்கைப் பையில் இடுவதற்கு அவர்கள் கையில் காசும் அரிது. மலைச்சரிவின் காட்டை வெட்டி எரித்து விதைக்கும் நிலத்தில் விளைந்த நெல்லே அவர்களுடைய செல்வம். இருந்ததிலிருந்து அவர்கள் கொடுத்தார்கள். சுவிசேஷம் வருமுன்னரே, தன்னலம் பாராமல் பிறருக்கு உதவுவதை உயர்ந்த ஒழுக்கமாகப் போற்றிய சமுதாயம் அது என்பதையும் மறைக்கலாகாது. விதை விழுந்த நிலம் ஏற்கெனவே பண்பட்டிருந்தது.

அந்த நெல்லும் நிச்சயமானதன்று. ஏறத்தாழ 48 ஆண்டுகளுக்கு ஒருமுறை அம்மலைகளின் மூங்கிற்காடுகள் ஒருசேரப் பூக்கின்றன. மூங்கிற்கனிகளைத் தின்று எலிகள் பெருகுகின்றன. கனி தீர்ந்ததும் வயல்களுக்குள் புகுகின்றன. 'மௌதாம்' என்னும் இப்பஞ்சம் 1911-12லும், மீண்டும் 1959ஐ ஒட்டியும், பின்னர் 2007ஐ ஒட்டியும் வந்தது. பிடியரிசி தொடங்கிய ஓரிரு ஆண்டுகளுக்குள் முதலாவது பஞ்சம் வந்துவிட்டது என்பது சிந்திக்கத்தக்கது. பானையில் அரிசி நிறைந்திருக்கும்போது ஒரு பிடி பெரிதன்று. பானையின் அடி தெரியும்போது அதே பிடி ஒரு பிள்ளையின் பசி.

சாறிபாத் ஊர் விதவையும் இந்த இடத்தில்தான் நின்றாள். அவளிடம் இருந்ததும் ஒரு பிடி மாவுதான். இரண்டு விறகு பொறுக்கி, தனக்கும் மகனுக்கும் கடைசி உணவைச் சமைத்துவிட்டுச் சாவதற்கு ஆயத்தமாயிருந்தவளிடம் எலியா, முதலில் தனக்கு ஒரு சிறிய அடை செய்து தரும்படி கேட்கிறார். மேலோட்டமாக வாசிப்போருக்கு இது இரக்கமற்ற கோரிக்கையாகவே படும். ஆனால், 'முதலில்' என்ற அச்சொல்லே இப்பகுதியின் அச்சாணி. உண்டு மிஞ்சியதைக் கொடுப்பவருக்கு விசுவாசம் தேவையில்லை. மிஞ்சியது எவ்வளவு என்பது அவருக்குத் தெரியும். உண்ணுமுன் கொடுப்பவர், போதுமா போதாதா என்று அறியுமுன்னரே கொடுக்கிறார். பிடியரிசியும் சோறு வடித்தபின் எடுக்கப்படுவதன்று. அரிசி உலையில் விழுமுன் எடுக்கப்படுகிறது.

பிடியரிசியில் மற்றொரு நுட்பமும் உண்டு. தசமபாகம் வருமானத்திற்கேற்பக் கூடும், குறையும். யார் எவ்வளவு கொடுத்தார் என்பது பேரேட்டில் நிற்கும். சில சபைகளில் அது வாசிக்கவும் படும். ஆனால், அதிகாரியின் மனைவியின் கையும் கூலிக்காரியின் கையும் ஏறக்குறைய ஒரே அளவுதான். சபையின் கோணிப்பையில் விழுந்தபின் எந்த அரிசி எந்த வீட்டுடையது என்று பிரித்தறிய இயலாது. காணிக்கைப் பெட்டிக்கு எதிரே அமர்ந்து இயேசு கவனித்தபோது ஏழை விதவையின் இரண்டு காசுகள் மற்றவர்களின் கொடையினின்று தனித்துத் தெரிந்தன. அவர் ஒருவருக்கே அவற்றின் எடை தெரிந்தது. பிடியரிசியில் அந்த எடையை அறிபவர் கடவுள் மட்டுமே. மனிதர் ஒப்பிட்டுப் பார்க்க இடமில்லை.

இதற்கு நேர்மாறானது கொரிந்து சபையின் நிலை. அங்கே வரங்களுக்குக் குறைவில்லை, பிரசங்கிகளுக்கும் குறைவில்லை. ஆயினும் கர்த்தருடைய பந்திக்குக் கூடிவந்தபோது ஒருவன் பசியாயிருந்தான், மற்றொருவன் வெறித்திருந்தான். ஒன்றுமில்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா என்று பவுல் கடிந்துகொள்கிறார். எருசலேம் சபையிலும் முதல் முறுமுறுப்பு உபதேசத்தைக் குறித்து எழவில்லை, அன்றாட விசாரிப்பில் சில விதவைகள் விடுபட்டதைக் குறித்தே எழுந்தது (அப். 6:1). ஆதிச்சபையின் விசுவாசம் சோற்றுப் பந்தியிலேயே சோதிக்கப்பட்டது. இன்றும் ஒரு சபையின் ஐக்கியத்தை அறிய விரும்புகிறவர் அதன் பாடற்குழுவைக் கேட்க வேண்டியதில்லை. அறுப்பின் பண்டிகை அசனத்தில் யார் யாருக்கு அருகே அமருகிறார் என்று பார்த்தால் போதும்.

சமையலறையில் பிடி எடுப்பவளை எவரும் பார்ப்பதில்லை. ஒருநாள் எடுக்காவிட்டாலும் கேட்பாரில்லை. யாரும் காணாத இடத்திலும் உண்மையாயிருக்கும் இப்பழக்கம் மிசோராமின் வீதியிலும் தென்படுவதுண்டு. ஐஸ்வாலிலிருந்து செல்லும் நெடுஞ்சாலையில் சேலிங் என்ற ஊரை ஒட்டி, மூங்கிலால் கட்டிய சிறு கடைகள் உள்ளன. காய்கறியும் பழமும் வைத்திருப்பார்கள், விலை எழுதித் தொங்கும், பணம் போட ஒரு டப்பா இருக்கும், கடைக்காரர் இருக்கமாட்டார். அவர் தோட்டத்தில் வேலையாயிருப்பார். வாங்குபவர் பணத்தைப் போட்டு, மீதிச் சில்லறையையும் தாமே எடுத்துக்கொண்டு செல்கிறார்.

இவ்வழக்கத்தைப் போற்றுவது எளிது. அதிலுள்ள இடர்களையும் பேசவேண்டும். சம்பளம் வாங்கும் நகரத்து வீடுகளில் அரிசிக்கு மதிப்பிட்டு மாதம் ஒருமுறை பணமாகக் கொடுத்துவிடுவது வசதியாகத் தோன்றும். கணக்கு சரியாகவே இருக்கும். ஆனால், தாய் பிடி எடுப்பதை நாள்தோறும் கண்டு வளரும் பிள்ளை கற்பதை, உறையில் இடப்பட்ட நோட்டு கற்பிக்காது. வழக்கம் முற்றிப்போனால் கை தானாக அள்ளும், மனம் வேறெங்கோ இருக்கும் என்பதும் உண்மை. பலி செலுத்தியும் கண்டிக்கப்பட்ட இஸ்ரவேலின் நோய் அது. இன்னொன்றும் உண்டு, இது கூறுவதற்குச் சற்றுக் கசப்பானது. பிடி எடுப்பவர்கள் பெண்கள். அப்பணத்தை எங்கே செலவிடுவது என்று தீர்மானிக்கும் மேசையைச் சுற்றி அமர்பவர்கள் நம் நாட்டின் பல சபைகளிலும் பெரும்பாலும் ஆண்கள். கொடுக்கும் கைக்குக் கணக்குக் கேட்கும் வாய் மறுக்கப்படுமானால், அங்கே ஐக்கியம் குறைவுபட்டதே.

தமிழ்ச் சபைகளுக்கும் பிடியரிசி புதியதன்று. திருநெல்வேலிப் பகுதியின் கிராமங்களிலும் இவ்வழக்கம் இருந்துள்ளது. 1903இல் வேதநாயகம் சாமுவேல் அசரியா முதலானோர் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கத்தை நிறுவித் தெலுங்கு நாட்டின் தோர்ணக்கல்லுக்கு ஊழியரை அனுப்பியபோது, அயல்நாட்டுப் பணத்தை எதிர்பாராமல் இந்நாட்டு விசுவாசிகளின் காணிக்கையாலேயே அப்பணி நடைபெற வேண்டும் என்று உறுதிகொண்டனர். கொடுத்தவர்களில் பெரும்பாலோர் செல்வந்தர் அல்லர்.

பிடியரிசி எடுக்கும் வீட்டில் பஞ்சம் வராது என்று வாக்களிக்கும் போதகர்கள் இன்று இருக்கிறார்கள். சாறிபாத்தின் பகுதியை அவர்கள் பதினாறாம் வசனத்தோடு மூடிவிடுகிறார்கள். வசனம் அதற்குமேலும் செல்கிறது. பானையில் மாவு செலவழிந்துபோகவில்லை. எனினும் அவளுடைய களஞ்சியம் நிரம்பியதாகவும் எழுதப்படவில்லை. அன்றன்றைக்குப் போதுமானது அன்றன்றைக்கு இருந்தது. அதன்பின் அவளுடைய ஒரே மகன் வியாதிப்பட்டு மூச்சற்றுப் போகிறான். கொடுத்த வீட்டில் மரணம் நுழைகிறது. அவளும் மெளனமாக இருக்கவில்லை. தேவமனிதனிடம் மனங்கசந்து கேட்கிறாள். எலியா அவளைக் கண்டிக்கவில்லை, விசுவாசக் குறைவென்று குற்றஞ்சாட்டவும் இல்லை. அவள் மடியிலிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டு, தாம் தங்கியிருந்த மேல்வீட்டுக்கு ஏறிப்போய், அவனைத் தம்முடைய கட்டிலில் கிடத்தி, அவளுடைய கேள்வியைத் தம்முடைய கேள்வியாகவே ஆண்டவரிடம் வைக்கிறார். அவளுடைய அடையை உண்டவர் அவர்.