முதுமையில் மலரும் சிறு மகிழ்ச்சிகள்

முதல் வெள்ளிக்கிழமைகளில் வீடு வீடாக நற்கருணை கொண்டு செல்லும் குருக்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சுவாமி, பிள்ளையளெல்லாம் வெளிநாட்டிலை. அவரும் போய்ச் சேர்ந்திட்டார். இனி ஆருக்கு நான் தேவை? ஆண்டவர் ஏன் என்னை இன்னும் வைச்சிருக்கிறார்?"

"அப்படிச் சொல்லாதேங்கோ ஆச்சி" என்று ஒரு வார்த்தையில் இதனைத் தட்டிக்கழித்து விடலாம். ஆனால் அது மறுமொழி ஆகாது. போரினாலும் இடப்பெயர்வினாலும் குடும்பங்கள் சிதறுண்ட எமது மண்ணில், நாலைந்து பிள்ளைகளைப் பெற்று வளர்த்த தாய், இன்று பெரிய வீடொன்றில் தனியே விளக்கேற்றுகிறாள். அவளுடைய கேள்வி விசுவாசக் குறைவு அன்று. அது ஒரு செபம். ஆகவே அதனை விசுவாச ஒளியில் ஆராய்வோம்.

பயனும் மதிப்பும்

உழைப்பவனுக்கே மதிப்பு என்பது உலகத்தின் கணக்கு. ஐம்பது ஆண்டுகள் உழைத்தவர்கள் தம்மையும் அறியாமல் அக்கணக்கை ஏற்றுக் கொள்கிறார்கள். கையில் பலம் குறைந்ததும், "நான் வீட்டுக்குப் பாரம்" என்று எண்ணத் தொடங்குகிறார்கள். ஆனால் தொட்டிலில் கிடக்கும் குழந்தை என்ன வேலை செய்கிறது? அதைப் பாரம் என்று எவரும் சொல்வதில்லை. மனிதனின் மதிப்பு அவன் செய்யும் வேலையிலிருந்து வருவதன்று. அவன் இறைசாயலாகப் படைக்கப்பட்டதிலிருந்து வருவது. அச்சாயல் வயதினால் தேய்வதில்லை.

ஆலயத்தில் இரு முதியோர்

புனித லூக்காஸ் தமது நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தில், குழந்தை யேசு ஆலயத்தில் காணிக்கையாக்கப்பட்டதை விவரிக்கிறார். பெற்றோர் ஏழைகள். அவர்கள் செலுத்தியது ஏழைகளுக்குரிய பறவைக் காணிக்கையே. அன்று ஆலயத்திற்கு வந்துபோன பலருடைய கண்ணுக்கு அது ஒரு சாதாரணக் காட்சி. கைக்குழந்தையுடன் இன்னொரு குடும்பம், அவ்வளவுதான்.

ஆனால் இருவர் அக்குழந்தையை இன்னாரென அறிந்து கொண்டனர். ஒருவர் சிமியோன். மற்றவர் 84 வயது என்று நற்செய்தி குறிப்பிடும் விதவையான அன்னா. நெடுங்காலம் செபித்துக் காத்திருந்தமையால், சிறியதொன்றில் மறைந்திருந்த பெரியதை அவர்களால் காண முடிந்தது. சிமியோன் குழந்தையைக் கைகளில் ஏந்தினார். அன்னா அதைப்பற்றிப் பிறருக்குச் சொன்னார். முதுமையின் தனி வரம் இதுவே: அவசரம் தணிந்த கண்களுக்குத் தெரிபவை ஓடித்திரியும் கண்களுக்குத் தெரிவதில்லை.

கதவைத் திறந்த புனிதர்

இதற்குத் திருச்சபை வரலாற்றில் அழகான ஓர் உதாரணம் உண்டு. புனித அல்போன்ஸ் ரொட்றிக்கஸ் 1532இல் ஸ்பெயின் நாட்டில் பிறந்தவர். துணி வியாபாரி. மனைவியையும் பிள்ளைகளையும் இழந்தார், வியாபாரமும் நொடிந்தது. குருவாவதற்குப் போதிய கல்வி இல்லாமையால், 1571இல் யேசு சபையில் ஒரு சகோதரராகவே ஏற்றுக் கொள்ளப்பட்டார். மயோர்க்காத் தீவிலுள்ள கல்லூரியில் நீண்ட காலம் வாயிற்காவலராகப் பணி செய்தார்.

யாரேனும் கதவைத் தட்டும்போதெல்லாம், வெளியே நிற்பவர் ஆண்டவரே என்ற எண்ணத்துடன் மகிழ்ச்சியாக எழுந்து செல்வாராம். எழுபது வயதைக் கடந்த பின்னர், அங்கு படிக்க வந்த இளைஞர் ஒருவர் அவரிடம் ஆன்மீக ஆலோசனை பெற்றார். அவரே, பின்னாளில் கார்த்தஹேனாத் துறைமுகத்தில் ஆபிரிக்க அடிமைகளுக்காகத் தம் வாழ்வை அர்ப்பணித்த புனித பீற்றர் கிளேவர். 1888இல் இருவரும் ஒன்றாகவே புனிதர்களாக உயர்த்தப்பட்டனர். கதவு திறந்த முதியவருக்கும் கடல் கடந்து சென்ற இளைஞருக்கும் திருச்சபை ஒரே நாளில் மகிமை அளித்தது.

நாளாந்த வாழ்வில்

இதனை நாம் எவ்வாறு கைக்கொள்ளலாம்?

1. காலையில் கண்விழித்ததும் முதல் எண்ணம் நன்றியாக இருக்கட்டும். முற்றத்தில் விழும் வெயில், கையில் சுடும் தேநீர், கோவில் மணியோசை ஆகிய ஒவ்வொன்றையும் ஆறுதலாக அனுபவியுங்கள். மணி கேட்டதும் திரிகாலச் செபத்தை அவசரமின்றிச் சொல்லுங்கள்.

2. ஒவ்வொரு நாளும் ஒருவருக்காவது ஒரு நல்ல வார்த்தை கொடுங்கள். படலையடியில் மீன் கொண்டு வருபவரின் பிள்ளை சுகமா என்று கேட்பதும் அப்போஸ்தலப் பணியே. தொலைபேசியில் பேசும் பேரப்பிள்ளைக்கு உங்கள் சிறுவயதுக் கதை ஒன்றைச் சொல்லுங்கள். அது உங்களால் மட்டுமே கொடுக்கக்கூடிய சொத்து.

3. இரவு ஆன்ம சோதனையைக் குற்றத்திலிருந்து தொடங்காமல், நன்றியிலிருந்து தொடங்குங்கள். புனித இஞ்ஞாசியார் கற்பித்த முறையும் இதுவே. அன்று கிடைத்த மூன்று நன்மைகளைப் பெயர் சொல்லி நினைவுகூருங்கள். பின்னர் ஒரு பத்து மணி செபமாலையை, தொலைவிலிருக்கும் ஒரு பிள்ளைக்காக ஒப்புக்கொடுங்கள்.

ஆயினும் ஒன்றை மறக்கக்கூடாது. மகிழ்ச்சி என்பது வேதனையை மூடி மறைப்பதன்று. சங்கீதங்களில் புலம்பலும் இருக்கிறது, அதுவும் இறைவார்த்தையே. பல நாட்களாக நித்திரையும் பசியும் இல்லாமல் மனம் இருண்டிருந்தால், அதைப் பாவம் என்று எண்ணி ஒளிக்க வேண்டாம். வீட்டாரிடமும் வைத்தியரிடமும் சொல்லுங்கள்.

குடும்பத்தினருக்கு

முதியோரின் மகிழ்ச்சியை அவர்கள் தலையில் மட்டும் சுமத்துவது நீதியன்று. நான்காம் கற்பனை சிறுவர்களுக்கு மட்டும் உரியதன்று. வளர்ந்த பிள்ளைகளுக்கே அது பெரிதும் பொருந்தும். எமது நாட்டில் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டமும் முதியோரின் உரிமைகளைப் பாதுகாக்கிறது. ஆனால் சட்டத்தினால் பராமரிப்பைப் பெற்றுக் கொடுக்கலாம், பாசத்தைப் பெற்றுக் கொடுக்க முடியாது.

மாதந்தோறும் காசு அனுப்பும் பிள்ளைகளே, வாரத்தில் ஒரு நேரத்தைக் குறித்து, அந்நேரத்திற்குத் தவறாமல் பேசுங்கள். எப்போது மணி அடிக்கும் என்று அறியாமல் காத்திருப்பது கொடியது. ஞாயிறு நாலு மணிக்கு அடிக்கும் என்று அறிந்து காத்திருப்பதோ இனியது. அருகில் இருப்பவர்களே, அவர்களிடம் ஆலோசனை கேளுங்கள். அவர்களால் இயன்ற சிறு பொறுப்பை அவர்களிடமே விடுங்கள். கீரை ஆயும் கைக்கும் ஒரு பெருமை உண்டு. 2021இல் திருத்தந்தை பிரான்சிஸ், யூலை மாதத்து நான்காம் ஞாயிறைத் தாத்தா பாட்டிமாருக்கும் முதியோருக்கும் உரிய உலக நாளாக ஏற்படுத்தினார். அந்த ஒரு நாளில் மட்டும் மாலை அணிவித்து மற்ற நாட்களில் மறந்துவிட்டால், அந்த மாலைக்கு என்ன பொருள்?

ஆச்சியின் கேள்விக்கு வருவோம். ஆண்டவர் ஏன் இன்னும் வைத்திருக்கிறார்? முழு விடை அவருக்கே தெரியும். ஆனால் இன்று யாரோ ஒருவர் உங்கள் படலையைத் தட்டக்கூடும். அவருக்குத் திறந்துவிட ஒருவர் உள்ளே இருக்க வேண்டும் அல்லவா?

சிந்தனைக்கு

1. நேற்றைய நாளில் நான் கவனியாமல் விட்ட சிறு நன்மை எது?

2. எங்கள் வீட்டு முதியவரிடம் நான் கடைசியாக ஆலோசனை கேட்டது எப்போது?

3. எமது பங்கில் தனியே வாழும் முதியவர் ஒருவரை இவ்வாரம் நாம் குடும்பமாகச் சந்திக்க முடியுமா?