காமன் கூத்துக்கு டிஜிட்டல் மிக்சர் பூட்டும் முறை

மாசியில் காமன் கூத்துக்கு டிஜிட்டல் மிக்சர் வாடகைக்கு எடுக்க நினைக்கும் கொஸ்லந்தை, மீரியபெத்த பக்கத்துப் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். பெரிங்கர் எக்ஸ்32 மிக்சரை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். பட்டன்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், சத்தம் போகும் வழி தெரிந்தால் போதும்.

மைக்கிலிருந்து வரும் மெல்லிய மின்சாரத்தை ப்ரீஆம்ப் பெரிதாக்கும். பிறகு அது நொடிக்கு 48,000 தடவை அளக்கப்பட்டு எண்களாகும். ஈக்யூ, கம்ப்ரஸர், எக்கோ எல்லாம் அந்த எண்களில் நடக்கும் கணக்கு. கடைசியில் அவை மறுபடி மின்சாரமாகி ஸ்பீக்கருக்குப் போகும். எண்ணாக மாறும் இடத்திலேயே சத்தம் உடைந்துவிட்டால் பின்னால் எந்தப் பட்டனாலும் சரிசெய்ய முடியாது. பொறுமை வேண்டியது அங்கேதான்.

முதலில் மிக்சரைக் கூரைக்குக் கீழே வையுங்கள். கூத்துக்களத்தில் எஸ்16 பெட்டியை வைத்தால் 16 மைக் செருகலாம். இரண்டையும் இணைக்க ஷீல்டு போட்ட கேட்5ஈ கேபிள் ஒன்று போதும், 80 மீட்டருக்குள் இருக்கட்டும். பிறகு ரூட்டிங் பக்கத்தில் 1 முதல் 16 வரையான இன்புட்டுகளை அந்தக் கேபிள் செருகிய ஏஇஎஸ்50க்கு மாற்றுங்கள். இதை மறந்தால் மைக் எல்லாம் ஊமையாகவே இருக்கும். மெயின் சத்தம் பெட்டியின் எந்த அவுட்டில் வர வேண்டும் என்பதையும் அங்கேயே வையுங்கள். 48 வோல்ட் பட்டன் கண்டென்சர் மைக்குக்கானது. கீபோர்டுக்கு டிஐ பாக்ஸ் போட்டால் இரைச்சல் குறையும்.

தப்புக்கு மைக்கை இரண்டடி தள்ளி வைத்து, தோலை நெருப்பில் காய்ச்சிய பிறகே கெயினைப் பாருங்கள். பனியில் தளர்ந்த தப்புக்கு வைத்த அளவு, காய்ச்சிய தப்பு முழங்கியதும் சிவப்பு விளக்கை எரிய வைக்கும். அடிப்பவர் முழு வேகத்தில் அடிக்கட்டும், மீட்டர் மைனஸ் 10ஐத் தாண்டாதபடி குறையுங்கள். ரதியும் மன்மதனும் பாடுவது அவர்களுக்கே கேட்க வேண்டும். அதற்குத் தனி பஸ் ஒன்றை ப்ரீ ஃபேடராக வைத்து மானிட்டருக்கு அனுப்புங்கள்.

கரண்ட் கொடுக்கும்போது மிக்சர் முதலில், ஆம்ப் கடைசியில். நிறுத்தும்போது ஆம்ப் முதலில். எர்த் இல்லாத ப்ளக்கில் எதையும் செருகாதீர்கள்.

இன்னொன்று. அறிவிப்பு மைக்கை மிக்சரை மட்டும் நம்பி விடாதீர்கள். 12 வோல்ட் பட்டறியில் ஓடும் சின்ன ஆம்ப், ஒரு ஹோர்ன், ஒரு மைக்: இவற்றின் வயர் மிக்சரைத் தொடவே கூடாது. கூத்து முடிந்தாலும் ஹோர்னைக் கழற்ற வேண்டாம். 2014 அக்டோபர் 29 காலை மண்சரிவில் மீரியபெத்த லயங்கள் மண்ணுக்குள் போன மலை இது. 24 மணி நேரத்தில் 150 மில்லிமீட்டர் மழை பெய்தால் சரிவிலிருந்து வெளியேற வேண்டும் என்கிறது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். அந்த நேரத்தில் கரண்ட் இருக்கும் என்று சொல்ல முடியாது. மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு அறிவிப்பு மைக்கில் பேசுங்கள். இதை முன்கூட்டியே சோதித்துப் பாருங்கள்: கடைசி லயத்தில் ஓர் ஆளை நிறுத்தி, சொன்ன சொல்லை அப்படியே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். சத்தம் மட்டும் கேட்டு சொல் புரியவில்லை என்றால் ஹோர்னைத் திருப்பிக் கட்டுங்கள்.