மடக்குக் கத்தியைப் பற்றிய சில பிரமைகள்

பூட்டுத் தொழிலால் பெயர் பெற்ற திண்டுக்கல்லில், இரும்பின் குணத்தைப் பற்றி வீட்டுக்கு வீடு ஓர் அபிப்பிராயம் இருப்பது இயல்பே. ஆயினும், ஒரு பூட்டைக் கையில் தூக்கிப் பார்த்தே நிறைகுறை சொல்லவல்ல நம்மவர்கள், சட்டைப் பையில் அடங்கும் மடக்குக் கத்தி என்று வரும்போது மட்டும், பரம்பரையாகக் கேட்டுவந்த சில பிரமைகளை ஆராயாமல் ஏற்று, அவற்றாலேயே நல்ல கத்திகளைப் பாழாக்கிவிடுகிறார்கள். கடைவீதியில் ஓர் இரும்புக் கடையில் சொற்ப விலைக்கு வாங்கிய மரப்பிடிக் கத்தியை வெகுகாலமாக உபயோகித்துவரும் எனக்கு, இதைப் பற்றி எழுதவேண்டும் என்ற ஆவல் நெடுநாளாக உண்டு.

விலை மலிந்த கத்தி வெகு சீக்கிரம் மழுங்கும் என்பது முதல் நம்பிக்கை. கூர் நிற்பதும் நில்லாததும், எஃகில் கலந்துள்ள கரியின் அளவையும், அதைச் சிவக்கக் காய்ச்சித் தோய்த்தபின் ஏறக்குறைய 200 டிகிரி சூட்டில் மறுபடி பதப்படுத்திய முறையையும் பொறுத்தவை, நூற்றுக்கு 0.6 பங்குக்கு மேல் கரி சேர்ந்த எஃகு அபூர்வமான வஸ்துவும் அன்று, விலையேறிய சரக்கும் அன்று. பிரான்ஸ் தேசத்து ஸவாய் மலைப்பிரதேசத்தில் ஜோசப் ஒப்பினெல் என்பவர் 1890இல் செய்யத் தொடங்கிய கத்திக்கு, மரப்பிடி, அலகு, ஆணி, வளையம், 1955இல் புதிதாகச் சேர்ந்த சுழலும் பூட்டுவளையம் என்பவற்றைத் தவிர வேறு அங்கமே இல்லை; குடியானவர்களின் பைகளில் வளர்ந்த அது, உலகப் பிரசித்தி அடைந்த பின்னும் மலிவான கத்தியாகவே இருந்துவருகிறது. அதிக விலை கொடுப்பவர் பெரும்பாலும் பிடியின் அலங்காரத்துக்கும் பெயருக்குமே கொடுக்கிறார்.

அடுத்தது, அலகு கறுத்துவிட்டால் கத்தி கெட்டுவிட்டது என்ற எண்ணம். சிறுமலை வாழைக்காயை ஒருமுறை சீவினால் போதும், பளபளத்த அலகில் நீலமும் கறுப்புமாகத் திட்டுகள் படர்ந்துவிடும். அதைக் கண்டு பதறி, மணலும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, தேய்த்த தேய்ப்பில் அலகின் மேனியெல்லாம் கீறிவைப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வாழைக்காயின் துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்து உண்டாக்கும் நிறமே அது. முன்னோர் கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து எழுதும் மை காய்ச்சியதும் இந்த ரசாயனத்தால்தான். ஆவாரம்பட்டையில் தோல் பதனிட்டுவந்த நம் ஊரில் துவர்ப்பின் சக்தியைப் பற்றி யாருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. துரு சிவந்திருக்கும், விரலில் ஒட்டும், உதிரும்; இந்தக் கறுப்போ அலகோடு ஒன்றி நிற்கும், துருவின் வேகத்தையும் ஓரளவு தணிக்கும். ஆகையால் அதை அப்படியே விட்டு, உபயோகித்தபின் ஈரம் துடைத்து, ஆணி இருக்கும் மூட்டில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டால் போதும். எவர்சில்வர் அலகு துருவேறாது என்று அஜாக்கிரதையாக இருப்பதும் பிசகு, நூற்றுக்கு 10.5 பங்குக்குக் குறையாமல் குரோமியம் சேர்ந்த எஃகே அந்த வகை என்றாலும், வியர்வையின் உப்பு நாள்கணக்கில் தங்கினால் அதிலும் புள்ளி புள்ளியாகக் குழி விழும்.

சாணை பிடிக்கையில் தீப்பொறி எவ்வளவு பறக்கிறதோ அவ்வளவு கூர் ஏறும் என்பார்கள். பறப்பவை கத்தியிலிருந்து தேய்ந்த எஃகுத் துகள்களே. காகிதம்போல் மெலிந்த கூர்முனை அந்தச் சூட்டில் நீலம் பாய்ந்துவிட்டால், பதப்படுத்தும்போது பெற்ற கடினம் போய்விடும். தேர்ந்த சாணைக்காரர் அலகை அடிக்கடி தண்ணீரில் தோய்த்துக்கொள்வது இதனால்தான். சிறு கத்திக்கு நனைத்த சாணைக்கல்லே உத்தமம்: ஏறக்குறைய 20 டிகிரி சாய்வில் ஒரு பக்கம் தேய்த்து வருகையில், மறுபக்கத்து விளிம்பில் மெல்லிய பிசிறு கட்டைவிரலுக்குத் தட்டுப்படும், அது அடியிலிருந்து நுனிவரை தட்டுப்பட்டபின் பக்கத்தை மாற்றி, முடிவில் பழைய தோல்வாரில் இழுத்துப் பிசிறை நீக்கிவிடவேண்டும்.

மழுங்கிய கத்தி அபாயமற்றது என்று சொல்லிப் பிள்ளைகளிடம் கொடுப்பவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஆயக்குடிப் பக்கம் கொய்யாவில் விண்பதியம் போடுகிறவர் கிளையைச் சுற்றிப் பட்டையை வளையமாக எடுப்பதைப் பார்த்தால் உண்மை விளங்கும்; கூரான அலகு தானாகவே ஓடும், மழுங்கியதை அழுத்தவேண்டும், அழுத்தியது வழுக்கினால் கையில்தான் இறங்கும். மேலும், சாமானிய மடக்குக் கத்தியின் முதுகிலுள்ள வில், அலகை இறுக்கிப் பிடிக்கிறதே ஒழியப் பூட்டுவதில்லையாதலால், அதைக் கொண்டு குத்தவோ துளைக்கவோ முயன்றால் அலகு மடங்கி விரலை வெட்டும்.

கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்று என் பாட்டி கீழே வைத்துத்தான் எடுக்கச் சொல்வார். சண்டைக்கும் கத்திக்கும் சம்பந்தமில்லை. ஆனால் அந்தப் பழக்கத்தை நான் விடவில்லை, கை மாறும்போதுதான் பிடி நழுவுகிறது.

பையில் கத்தி இருந்தாலே குற்றம் என்ற பயமும் பலருக்கு உண்டு. ஆயுதச் சட்டம் 1959இல் ஏற்பட்டது. 9 அங்குலத்துக்கு மேல் நீண்ட, அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகன்ற அலகையே அதன் விதிகள் ஆயுத வகையில் சேர்க்கின்றன. வீட்டுக்கும் வேளாண்மைக்கும் என்று செய்த கருவிகளுக்கு அதிலும் விலக்கு உண்டு. எனினும் சோதனை நடக்கும் இடங்களுக்கு மடக்குக் கத்தியை எடுத்துச் செல்லாதிருப்பதே முறை. மதுரையில் விமானம் ஏறுவோர் கைப்பையில் வைத்தால் கத்தியை இழப்பார்கள். சரக்காக ஒப்படைக்கும் பெட்டிக்குள் வைத்துவிடவேண்டும்.