மூன்று கோட்டுக்குக் கீழே போன காரணம்: இளம் கெர்னல் நிரலாளருக்கு ஒரு கடிதம்

லினக்ஸ் கெர்னலுக்கு வரும் சிறு திருத்தங்களில் அடிக்கடி தென்படும் ஒரு வகை உண்டு. ஒரு பாயின்டர் வெறுமையாக இருந்தால் மேற்கொண்டு எதுவும் செய்யாமல் திரும்பிவிடும்படி இரண்டு வரி சேர்ப்பது. வெப்பநிலைச் சென்சார் ஒன்றின் டிரைவருக்கு இளம் நிரலாளர் ஒருவர் அனுப்பியிருக்கும் பேட்சின் இரண்டாம் பதிப்பு இந்த வகையைச் சேர்ந்தது. அதைப் படித்ததில் எழுந்ததே இந்தக் கடிதம். டேப் எட்டு இடம் நகர்கிறதா, தலைப்பு வரி 75 எழுத்துக்குள் அடங்குகிறதா, செக்பேட்ச் ஸ்கிரிப்ட் ஏதும் குறை சொல்கிறதா என்பவற்றுக்கு இங்கே இடமில்லை. அவற்றில் அவர் எப்போதோ தேறிவிட்டார்.

பேட்ச் தொடும் இடம் இன்டரப்ட் ஹேண்ட்லர். சூடு வரம்பைத் தாண்டினால் சென்சார் தன் அலர்ட் கம்பியைத் தாழ்த்தும். கெர்னல் ஹேண்ட்லரை அழைக்கும். ஹேண்ட்லர், சாதனத்தோடு சேர்த்து வைக்கப்பட்டிருக்கும் தரவுப் பாயின்டரை எடுத்து, அதன் வழியாகச் சென்சாரின் நிலைப் பதிவேட்டைப் படிக்கும். அப்படிப் படித்தால்தான் கம்பி மறுபடி உயரும். வழு அறிக்கையில் இருந்த, ஊப்ஸ் எனப்படும் கெர்னல் பிழைப் பதிவு, அந்தப் பாயின்டர் வெறுமையாக இருந்த நேரத்தில் ஹேண்ட்லர் ஓடியதைக் காட்டுகிறது. இளைஞரின் பேட்ச், பாயின்டர் வெறுமையானால் 'கவனிக்கப்பட்டது' என்ற விடையோடு உடனே திரும்பச் சொல்கிறது. ஊப்ஸ் நின்றுவிட்டது. பேட்சின் மேல்பகுதிக் குறிப்பு சொல்வதும் அவ்வளவுதான்: பாயின்டர் வெறுமையாக இருக்கக்கூடும், ஆகவே சோதனை சேர்க்கப்படுகிறது.

முதல் குறை இங்கே. பாயின்டர் ஏன் வெறுமையாக இருந்தது என்ற கேள்வி எழுப்பப்படவே இல்லை. சாதனத்தைத் தயார் செய்ய டிரைவரில் ஓடும் புரோப் ஃபங்ஷனை மேலிருந்து கீழே ஒருமுறை படித்தால் விடை கிடைத்துவிடும். அது நினைவகத்தை ஒதுக்குகிறது, சிப்பைத் தயார் செய்கிறது, இன்டரப்டைக் கேட்டு வாங்குகிறது, கடைசியில்தான் தரவுப் பாயின்டரைச் சாதனத்தோடு சேர்த்து வைக்கிறது. இன்டரப்ட் கேட்டு வாங்கப்பட்ட கணத்திலிருந்து ஹேண்ட்லர் எப்போது வேண்டுமானாலும் அழைக்கப்படலாம். பாயின்டர் வந்து சேர்வதோ பல வரிகள் தள்ளி. இடையே திறந்திருக்கும் அந்தச் சிறு இடைவெளிதான் வழு. பாயின்டரைச் சேர்க்கும் வரியை இன்டரப்ட் கேட்கும் வரிக்கு மேலே நகர்த்தினால் இடைவெளி அடைபட்டுவிடும். ஒரு வரி நீங்கி, அதே வரி சற்று மேலே சேரும். நிரலின் நீளம் மாறாது.

சோதனை வரி இடைவெளியை அடைப்பதில்லை, அதை மறைக்கிறது. மறைத்த இடத்தில் வேறொரு தொல்லையையும் கொண்டுவருகிறது. இந்தச் சென்சாரின் இன்டரப்ட், கம்பியின் மட்டத்தைப் பார்த்து எழுவது. நிலைப் பதிவேட்டைப் படிக்காமல் ஹேண்ட்லர் திரும்பினால் கம்பி தாழ்ந்தே இருக்கும், உடனே அடுத்த இன்டரப்ட் எழும். இப்படிச் சுழலும் கம்பியைத் தடுக்கக் கெர்னலில் ஒரு காப்பு இருக்கிறது. 1,00,000 இன்டரப்டுகளில் 99,900க்கு மேல் 'என்னுடையதல்ல' என்ற விடையே வந்தால், அந்தக் கம்பியைக் கெர்னல் அணைத்துவிட்டுப் பதிவில் புகார் எழுதும். இளைஞரின் பேட்ச் ஒவ்வொரு முறையும் 'கவனிக்கப்பட்டது' என்கிறது. அதனால் அந்தக் காப்பு விழிப்பதே இல்லை. ஹேண்ட்லர் ஓடும் இழை நிகழ்நேர முன்னுரிமையில் ஓடுவது. ஒற்றைக் கோர் பலகையில் புரோப் வேலைக்கு முறை கிடைப்பதே அரிதாகி, இயந்திரம் துவங்கும்போதே திணறலாம். ஊப்ஸ் என்றால் பதிவில் முகவரியும் ஃபங்ஷன் பெயரும் இருக்கும். திணறலுக்கு அப்படி எந்தத் தடயமும் இருக்காது.

எச்சரிக்கை நின்றதே போதும் என்று விட்டால் என்ன ஆகும் என்பதற்கு டெபியன் வரலாற்றில் ஒரு பெரிய சான்று உண்டு. ஓபன்எஸ்எஸ்எல் நூலகம், மதிப்பு இடப்படாத நினைவகத்தைப் படிப்பதாக வால்கிரைண்ட் கருவி புகார் சொன்னது. 2006 செப்டம்பரில் டெபியன் தொகுப்பில் அதற்காக இரண்டு வரிகள் வெறும் கருத்துரையாக மாற்றப்பட்டுச் செயலிழந்தன. புகார் நின்றது. அந்த வரிகளில் ஒன்று, எதேச்சை எண் ஆக்கிக்குள் விதையைக் கலக்கும் வரி. அது போனபின் எஞ்சிய விதை, ஓடும் நிரலின் செயல் எண் மட்டும். அதற்கு 32,768 மதிப்புகளே உண்டு. லுசியானோ பெல்லோ அதைக் கண்டுபிடித்து 2008 மே மாதத்தில் அறிவிப்பு வெளிவரும் வரை, டெபியனிலும் அதை ஒட்டி வந்த உபுண்டுவிலும் உருவான எஸ்எஸ்எச் சாவிகள் யாரும் எண்ணி முடிக்கக்கூடிய ஒரு பட்டியலுக்குள் அடங்கிக் கிடந்தன. உலகெங்கும் நிர்வாகிகள் சாவிகளை மாற்ற வேண்டியதாயிற்று. அந்தத் திருத்தத்தைச் செய்தவர் கவனமற்றவரும் அல்லர். ஓபன்எஸ்எஸ்எல் ஆட்களிடம் கேட்டுவிட்டே செய்தார். கேட்ட கேள்வி எச்சரிக்கையை நிறுத்துவது பற்றியது. அந்த வரி அங்கே ஏன் இருக்கிறது என்பது உரையாடலின் மையத்துக்கு வரவில்லை.

இரண்டாம் குறை இன்னும் எரிச்சலூட்டுவது. ஏனென்றால் காரணம் இளைஞருக்குத் தெரிந்திருக்கிறது. மின்னஞ்சலில் அனுப்பும் பேட்சில், கையொப்ப வரிக்கு அடுத்து மூன்று சிறு கோடுகள் வரும். அவற்றுக்கு மேலே இருப்பது கமிட் குறிப்பாக வரலாற்றில் நிலைக்கும். கீழே இருப்பது, பரிசீலிப்பவர் படிப்பதற்கான தற்காலிகச் செய்தி. பேட்சைக் கெர்னலின் மூல நிரல் மரத்தில் ஏற்றும்போது, கிட் என்னும் மாற்றப் பதிவுக் கருவி அதை உதிர்த்துவிடும். முதல் பதிப்புக்கும் இரண்டாம் பதிப்புக்கும் என்ன மாறியது என்பது அங்கே எழுதத் தக்கது. இளைஞர் அதை எழுதியிருக்கிறார், சரி. அதன் கீழேயே இன்னொரு பத்தியும் இருக்கிறது. பலகையை முழுவதும் அணைத்து ஏற்றினால் ஊப்ஸ் வருவதில்லை. சூடான நிலையில் மறுதுவக்கம் செய்தால் மட்டும் வருகிறது. மறுதுவக்கத்தில் சென்சாருக்கு மின்சாரம் அறுபடுவதில்லை, ஆகவே முந்தைய ஓட்டத்தின் அலர்ட் அப்படியே நிற்கிறது, இன்டரப்ட் கேட்ட மறுகணமே அது வந்து விழுகிறது. அலர்ட் வரம்பைத் தாழ்த்தி எந்தப் பலகையிலும் இதை வரவழைக்கலாம் என்று வழியும் சொல்லப்பட்டிருக்கிறது.

இந்தப் பத்தி அபாரமானது. குளிர்ந்த துவக்கத்தையும் சூடான துவக்கத்தையும் பிரித்துப் பார்க்கத் தோன்றுவதே பெரிது. அதிலிருந்து மின்சாரம் அறுபடாததை ஊகித்து, ஊகத்தோடு நிற்காமல் வரம்பைத் தாழ்த்திச் சோதித்ததை, இருபது ஆண்டுகள் டிரைவர் எழுதியவர்களிடமும் எப்போதாவதுதான் காணமுடியும். வழுவின் முழுக் கதையும் அந்தப் பத்தியில் இருக்கிறது, சரியான திருத்தத்துக்கான வழியும் அதிலேயே இருக்கிறது. அதை எழுதிய கை மேலே போய் 'வெறுமையாக இருக்கக்கூடும்' என்று ஒற்றை வரியோடு முடித்துக்கொண்டது பொறுக்க முடியாதது. பராமரிப்பாளர் இந்தப் பேட்சை இப்படியே ஏற்றால் பலவீனமான வரி வரலாற்றில் நிற்கும், அருமையான பத்தி மறைந்துவிடும்.

கமிட் குறிப்பைப் பற்றிய இந்தப் பிடிவாதத்துக்குப் பின்னால் ஒரு நெடிய இழப்பு இருக்கிறது. லினஸ் டார்வால்ட்ஸ் 1991இல் லினக்ஸை வெளியிட்டதிலிருந்து பத்தாண்டுக்கு மேல் கெர்னலுக்கு மாற்றப் பதிவு முறையே கிடையாது. லாரி வால் 1985இல் எழுதிய பேட்ச் என்னும் சிறு கருவியும் மின்னஞ்சலுமே துணை. 486 இயந்திரத்தில் கெர்னலைத் தொகுக்க மணிக்கணக்காகும். தொகுத்துச் சோதித்து அனுப்பிய திருத்தத்துக்குப் பதில் வராமலே போவது சாதாரணம். அடுத்த வெளியீட்டைத் தரவிறக்கி, திருத்தம் அதில் இருக்கிறதா என்று தேடிப் பார்த்து, இல்லையென்றால் புதிய வெளியீட்டுக்குப் பொருந்தும்படி சீராக்கி மறுபடி அனுப்புவார்கள். சலிப்பில்லாமல் அனுப்பிக்கொண்டே இருந்தவர்களால்தான் அன்றைய டிரைவர்கள் நிலைத்தன. ஆனால் அவர்கள் அஞ்சலில் எழுதிய விளக்கங்கள் நிரலோடு சேர்ந்து பயணிக்கவில்லை. 2002இல் பிட்கீப்பர் என்னும் மாற்றப் பதிவுக் கருவி வந்தபின்தான் ஒவ்வொரு மாற்றத்துக்கும் குறிப்பு ஒட்டி வரத் தொடங்கியது. 2005 ஏப்ரலில் பிட்கீப்பரைப் பயன்படுத்தும் ஏற்பாடு முறிந்து, டார்வால்ட்ஸ் கிட்டை எழுதியபோது, புதிய மரம் பழைய வரலாறு எதுவும் இல்லாமல் 2.6.12-ஆர்சி2 என்ற ஒற்றைக் கமிட்டிலிருந்து தொடங்கியது.

அந்தக் கமிட்டின் அடையாளம் 1டிஏ177இ4 என்று தொடங்கும். பழைய நிரல் வரி ஒன்றின் காரணத்தைத் தேடி கிட் பிளேமை ஓட்டியவர்கள் எல்லாருக்கும் அந்த எண் மனப்பாடம். பூட்டு ஒன்று ஏன் இந்த வரிசையில் எடுக்கப்படுகிறது, தாமதம் ஏன் இத்தனை மில்லி வினாடி, இந்தச் சோதனை எந்தச் சிப்புக்காக என்று கேட்டுக்கொண்டு போனால் கடைசியில் அந்தக் கமிட் வந்து நிற்கும், அதற்கப்பால் சுவர். பிட்கீப்பர் கால வரலாற்றைப் பின்னர் தனி மரமாகத் திரட்டி வைத்தார்கள். 2002க்கு முந்தையதில் பெரும்பாலும் வெளியீட்டுக்கு வெளியீடு வேறுபாடுகளே மிஞ்சின. எழுதியவர்களில் சிலர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள், சிலர் இறந்துவிட்டார்கள். அந்த வரிகளைத் தொடப் பராமரிப்பாளர்கள் இன்றும் தயங்குகிறார்கள்.

வரலாறு ஒழுங்காகப் பதிவானால் அதன் பயன் எவ்வளவு என்பதற்கு 2003 நவம்பர் நிகழ்ச்சி ஒன்றே போதும். சிவிஎஸ் என்னும் வேறொரு பதிவு முறையில் இருந்த கெர்னல் மரத்தின் நகலில் யாரோ நுழைந்து, வெய்ட்4 என்னும் கெர்னல் அழைப்பில் இரண்டு வரி சேர்த்துவிட்டார்கள். பயனர் எண் பூஜ்யமா என்று ஒப்பிடுவது போலத் தோன்றும் இடத்தில் ஒற்றைச் சமக்குறி இருந்தது. அது ஒப்பிடாது, பூஜ்யத்தை எழுதிவிடும். அழைத்தவருக்கு ரூட் அதிகாரம் கிடைத்துவிடும். மூலமான பிட்கீப்பர் மரத்தில் அந்த மாற்றத்துக்கு இணையான பதிவே இல்லை என்பதால்தான் அது உடனே பிடிபட்டது. அடுத்த ஆண்டு, லினக்ஸ் நிரலின் உரிமை பற்றி எஸ்சிஓ நிறுவனம் தொடுத்த வழக்கின் சூழலில், ஒவ்வொரு பேட்சிலும் அனுப்புபவரின் கையொப்ப வரி நடைமுறைக்கு வந்தது. நிரல் யாரிடமிருந்து வந்தது என்பதற்கு அந்த வரி பொறுப்பேற்கிறது. அது ஏன் வந்தது என்பதற்குக் குறிப்புதான் பொறுப்பேற்க வேண்டும்.

அந்தக் குறிப்பு யாருக்குத் தேவை என்பதைப் பைசெக்ட் கருவி காட்டும். ஒரு வெளியீட்டுக்குள் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட கமிட்டுகள் சேர்கின்றன. எங்கோ ஒரு பலகை துவங்காமல் போனால், அதன் உரிமையாளர் பாதிப் பாதியாகப் பிரித்துச் சோதித்து 14 படிகளுக்குள் குற்றவாளிக் கமிட்டை அடைந்துவிடலாம். அடைந்தபின் அவர் கையில் இருப்பது அந்தக் கமிட்டின் குறிப்பு மட்டும். 'சூடான மறுதுவக்கத்தில் அலர்ட் நிற்கும்' என்று அதில் இருந்தால், தன் பலகையில் அப்படி நடக்கிறதா என்று அவர் அன்றைக்கே பார்ப்பார். 'வெறுமையாக இருக்கக்கூடும்' என்று மட்டும் இருந்தால், இளைஞர் நாள் கணக்கில் செய்த ஆய்வை அவர் முதலிலிருந்து செய்ய வேண்டும்.

மூன்றாம் பதிப்பின் வேலை குறைவு. சோதனை வரிகள் நீங்கும், பாயின்டரைச் சேர்க்கும் வரி மேலே போகும். தலைப்பு, இன்டரப்டுக்கு முன்னால் தரவைச் சேர்த்து வைப்பதைச் சொல்லும். கோடுகளுக்குக் கீழே இருந்த பத்தி ஏறக்குறைய அப்படியே மேலே ஏறும். பழைய வரிசையைக் கொண்டுவந்த கமிட்டைக் குறிக்கும் ஃபிக்ஸஸ் வரியில் அதன் அடையாளத்தின் முதல் 12 எழுத்துகளும் தலைப்பும் இடம்பெறும். வழுவை அறிவித்தவருக்கு உரிய வரி இரண்டாம் பதிப்பில் விடுபட்டிருக்கிறது, அதுவும் சேரும். ஏற்கெனவே வெளிவந்த கெர்னல்களைத் திருத்தும் ஸ்டேபிள் வெளியீடுகளுக்கான திருத்தம் சுற்றுவரிகளையும் சேர்த்து 100 வரிக்குள் இருக்க வேண்டும், பார்த்தவுடன் சரியென்று தெரிய வேண்டும், சோதிக்கப்பட்டிருக்க வேண்டும். இந்தத் திருத்தம் மூன்றுக்கும் பொருந்தும் என்பதால் ஸ்டேபிள் முகவரியையும் குறிப்பில் சேர்ப்பதே முறை.

இன்னொரு வேலையும் இருக்கிறது. ஓபன்பிஎஸ்டி இயங்குதளத்தின் நிரலாளர்கள் 1996இல் தங்கள் மூல நிரல் முழுவதையும் தணிக்கை செய்யத் தொடங்கினார்கள். ஓரிடத்தில் ஒரு தவறு கிடைத்தால் அதே வகைத் தவறை மரம் முழுக்கத் தேடுவது அவர்கள் வழக்கம். புதிய சென்சாருக்கு டிரைவர் எழுதுபவர் பழைய ஒன்றை நகலெடுத்துத்தான் தொடங்குவார், அதனால் வரிசைப் பிழையும் நகலாகும். இதே அடைவில் இருக்கும் மற்ற டிரைவர்களின் புரோப் ஃபங்ஷன்களில் இன்டரப்ட் முந்துகிறதா என்று தேட ஒரு மாலை போதும். கிடைப்பவற்றை ஒரே பேட்சாகச் சேர்க்கக் கூடாது. டிரைவருக்கு ஒன்றாக, ஒவ்வொன்றுக்கும் அதனதன் ஃபிக்ஸஸ் வரியோடு, தொடராக அனுப்ப வேண்டும். கையில் அந்தச் சிப் இல்லாமல் செய்த திருத்தம் என்றால், தொகுத்துப் பார்த்தது மட்டுமே என்பதைக் குறிப்பிலேயே சொல்லிவிட வேண்டும். அடுத்த வெளியீட்டுக்கான மாற்றங்களைச் சேர்க்கும் இரண்டு வார இணைப்புக் காலத்தில் பராமரிப்பாளர்களுக்குப் புதிய பேட்சைப் பார்க்க நேரம் இருக்காது. அது முடிந்து முதல் சோதனை வெளியீடான ஆர்சி1 வெளிவந்தபின் தொடரை அனுப்பலாம். சென்சார் திருத்தத்தின் மூன்றாம் பதிப்போ பிழை நீக்கும் பேட்ச் என்பதால் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.