கரண்டு சைக்கிளும் கைக்காசும்



போன சம்பளத்துக்கு மறுநாள், டவுனில் வாங்கிய துண்டுக் கடதாசியோடு ஒரு தகப்பனார் எம்மிடம் வந்தார். மின்சார சைக்கிள், தவணைக்குக் கொடுக்கிறார்களாம். "ஐயா, இத வாங்குறதுக்கு எங்கள மாதிரி ஆளுங்களுக்கு உதவிக்காசு ஏதும் கெடைக்குமுங்களா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை வைத்தே இந்த முறைப் பாடத்தை எழுதுகிறோம். இப்படியான உதவியை ஒரு நகரசபை கொடுத்த விதத்தை முதலில் பார்ப்போம்.

அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தின் தலைநகரம் டென்வர். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,600 மீற்றர் உயரம். நுவரெலியாவைவிடக் கொஞ்சம் தாழ்வு, ஆனால் ஊர் பெரும்பாலும் தட்டை. நம்ம தோட்டத்து ஏற்றம் அங்கே கிடையாது. 2020 நவம்பரில் அந்த ஊர் மக்கள் வாக்குப் போட்டு, தாங்கள் வாங்கும் சாமான்களுக்கு 100 டொலருக்கு 25 சதம் மேலதிக வரி கட்டச் சம்மதித்தார்கள். புகையையும் வெப்பத்தையும் குறைக்கும் வேலைகளுக்கென்று ஒதுக்கிய காசு அது. அதிலிருந்துதான் 2022 ஏப்ரலில் மின்சார சைக்கிளுக்கு உதவி கொடுக்கத் தொடங்கினார்கள். காரை வீட்டில் விட்டுவிட்டு சைக்கிளில் போகட்டும் என்பது நோக்கம்.

எல்லாருக்கும் ஒரே தொகை கொடுக்கவில்லை. சாதாரண ஆளுக்கு 400 டொலர், வருமானம் குறைந்தவருக்கு 1,200 டொலர். பிள்ளைகளையும் சாமானையும் ஏற்றும் பெரிய சைக்கிள் என்றால் இன்னும் 500. ஒரு சைக்கிள் 1,600 டொலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வசதியுள்ளவர் 1,200 கட்ட வேண்டும், ஏழைத் தொழிலாளி 400 கட்டினால் போதும்.

தொகையைவிட, அதைக் கொடுத்த முறைதான் கெட்டிக்காரத்தனம். விண்ணப்பம் சரியென்றால் ஒரு கூப்பன் வரும். அதைத் திட்டத்தில் சேர்ந்த உள்ளூர்க் கடையில் காட்டினால் கடைக்காரர் அந்த இடத்திலேயே விலையைக் கழித்துவிடுவார். கழித்த காசைப் பிறகு நகரசபையிடம் வாங்கிக்கொள்வது கடைக்காரரின் பாடு. வாங்குகிறவர் முழுக் காசையும் தேடி அலையத் தேவையில்லை.

இது ஏன் பெரிய விசயம் என்றால், சில வருசங்களுக்கு முன் நாம் பட்ட ஒரு அனுபவத்தைச் சொல்ல வேண்டும். ஒரு திட்டத்தில் தண்ணீர்த் தாங்கிக்குப் பாதி விலை உதவி என்றார்கள். முதலில் முழு விலைக்கும் வாங்கி பில்லைக் கொண்டு வாங்க, பாதியைத் திருப்பித் தருவோம் என்பது நிபந்தனை. நாமும் பெரட்டுக்களத்தில் நின்று எல்லாருக்கும் அதை விளக்கினோம். கடைசியில் வாங்கியது யார்? கையில் ஏற்கனவே காசு இருந்த நாலைந்து குடும்பங்கள். ஒரு அம்மா நகையை அடகு வைத்து வாங்கினார். திருப்பிக் காசு வர ஏழு மாதம் பிடித்தது, அதற்குள் வட்டி அந்த உதவியில் பெரும்பகுதியைத் தின்றுவிட்டது. அவரை வாங்கச் சொன்னவர்கள் நாம்தான் என்பதால் இன்றைக்கும் அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருக்கிறது.

அமெரிக்காவிலும் இதே கதை இருந்தது. மின்சாரக் காருக்கு மத்திய அரசு கொடுத்த 7,500 டொலர் வரை சலுகை வருமான வரியில்தான் கழிந்தது. அவ்வளவு வரி கட்டும் சம்பளம் இல்லாதவருக்கு அதில் என்ன கிடைக்கும்? 2024 இல்தான் காரை விற்பவரே விலையில் கழிக்கும் வழி வந்தது. 2025 செப்டெம்பர் 30 உடன் அந்தச் சலுகையே முடிந்துவிட்டது.

டென்வரில் முதல் வருசமே 4,700 பேருக்கு மேல் கூப்பனில் சைக்கிள் வாங்கினார்கள். செலவான காசில் பெரும்பங்கு வருமானம் குறைந்தவர்களுக்குப் போனது. வாங்கிய பின் சைக்கிளைக் கூடுதலாக ஓட்டியவர்களும் அவர்களே. குறையும் உண்டு. பிறகு கூப்பன்களைத் தவணை முறையில் விட்டபோது இன்டர்நெட்டில் சில நிமிடங்களிலேயே தீர்ந்து போயின. நல்ல போனும், அந்த நேரத்தில் ஓய்வும் உள்ளவர்தான் முந்துவார். மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டு நிற்பவர் எப்படி முந்த முடியும்? இந்த இடத்தில் அவர்களின் ஏற்பாடு சரியில்லை என்பதே எமது எண்ணம்.

இன்னொன்று பற்றரி. மின்சார சைக்கிளில் பெறுமதியான பொருளே அதுதான். 500 வாட் மணி பற்றரியை நிரப்ப அரை யூனிட்டுக்குச் சற்றுக் கூடுதலான கரண்டுதான் போகும், அந்தச் செலவு பெரிதில்லை. ஆனால் மட்டமான பற்றரி தீப்பிடிக்கும். நியூயோர்க் நகரில் 2023 ஆம் ஆண்டில் மட்டும் இத்தகைய லித்தியம் பற்றரித் தீயில் 18 பேர் இறந்தார்கள். அங்கே சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் தொழிலாளர்கள் பலர் விலை குறைவென்று பழைய பற்றரிகளை வாங்கியிருந்தார்கள். பரிசோதித்துச் சான்று பெற்றவை மட்டுமே விற்கலாம் என்று நகரசபை சட்டம் போட்டது. லயத்துக் காம்பராவில், வாசற்படி ஓரமாக, இரவு முழுக்க சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்குவதை நினைத்தாலே எமக்குப் பயம்.

இனி அந்தத் தகப்பனாரின் துண்டுக் கடதாசி. அதில் உதவி எதுவும் இல்லை, வெறும் கடன்தான். "வட்டி 15 வீதம்" என்று போட்டிருந்தது. 240,000 ரூபா கடன், 3 வருசம் என்று கணக்குப் பார்த்தோம். வருசத்துக்கு 36,000 ரூபா வட்டி, மூன்று வருசத்துக்கு 108,000. மொத்தம் 348,000, மாதம் 9,667 ரூபா. கடனில் பாதியைக் கட்டி முடித்த பிறகும் முதல் நாள் எடுத்த முழுத் தொகைக்கே வட்டி போடுகிறார்கள். மிச்சக் கடனுக்கு மட்டும் வட்டி போடும் முறையில் பார்த்தால் இது வருசத்துக்கு ஏறத்தாழ 26 வீதம். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "பேரு விழாத மாசம் என்னா செய்யிறது?" என்று தானே கேட்டுக்கொண்டார்.

கடதாசியை எம்மிடமே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். இப்படியான கடதாசி உங்களிடமும் இருந்தால் ஒப்பம் வைக்குமுன் கொண்டு வாருங்கள். பெரட்டு முடிந்ததும் காரியாலயத்தில் இருப்போம், உட்கார்ந்து கணக்குப் பார்க்கலாம்.