நோய்ச் செய்தியும் குடும்பமும்: கூறும் உரிமை யாருடையது?

நம் நாட்டில் ஒருவருக்குக் கடுமையான நோய் கண்டால் அச்செய்தியை இறுதியில் அறிபவர் பெரும்பாலும் நோயாளியே. மருத்துவர் மகனைத் தனியே அழைத்துப் பேசுவார். மகன் தாய்மாமனைக் கலந்துகொள்வார். நோயாளியிடம் ஒன்றுமில்லை என்று கூறப்படும். இதில் வஞ்சகம் இல்லை. மருந்துச் செலவும் இரவுக் கண்விழிப்பும் குடும்பத்தின் பொறுப்பு. ஆகவே செய்தியும் குடும்பத்திற்கே உரியது என்பது வழக்கம். எச்.ஐ.வி. கிருமி இவ்வழக்கத்தைக் கேள்விக்கு உள்ளாக்கியது. இந்நோயைப் பற்றிய செய்தி, உதவியைக் கொணர்வதைப் போலவே ஒதுக்கலையும் கொணரக் கூடியது. ஒருமுறை வெளியே சென்றபின் அதைத் திரும்பப் பெறவும் இயலாது.

இந்தியாவில் இக்கிருமித் தொற்றை முதன்முதலில் கண்டறிந்தவர்கள் சென்னையைச் சேர்ந்த டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் ஆவர். இது 1986-இல் நிகழ்ந்தது. தொற்று உறுதியான பின்னர் நோயாளியின் வீட்டில் என்ன நேர்கிறது என்ற கேள்வியைக் கருத்துடன் ஆராய்ந்த நகரங்களுள் பெங்களூரு குறிப்பிடத்தக்கது. அங்குள்ள தேசிய மனநல, நரம்பியல் நிலையத்தைச் (நிம்ஹான்ஸ்) சேர்ந்த டாக்டர் பிரபா சந்திராவும் அவருடன் பணியாற்றியவர்களும், தென்னிந்திய நோயாளிகள் தம் நிலையை யாரிடம் கூறினர், ஏன் கூறினர், கேட்டவர்கள் எவ்வாறு நடந்துகொண்டனர் என்பதை ஆராய்ந்து 2003-இல் வெளியிட்டனர். மனநல மருத்துவர்கள் இதில் ஈடுபட்டது பொருத்தமே. கூறுவதா, மறைப்பதா என்ற ஊசலாட்டமே ஒரு நோயாக வளரக் கூடும்.

அச்சம் எங்கிருந்து வருகிறது?

பெங்களூரு ஆய்வாளர்களும் பங்குகொண்டு 2008-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு இதைத் தெளிவாக்குகிறது. முதலில் 16 பேரிடம் விரிவான நேர்காணல் நடத்தப்பட்டது. பின்னர் 229 பேரிடம் கேள்விப்பட்டியல் கொடுத்து விடை பெறப்பட்டது. நேர்காணலில் தாம் நேரில் அவமதிக்கப்பட்டதாகக் கூறியவர்கள் ஒப்புநோக்கக் குறைவு. சமூகம் தம்மை வெறுக்கும் என்ற எண்ணமே அவர்களை வாய்மூடி இருக்கச் செய்தது. அவ்வெண்ணம் பெரிதும் பிறருக்கு நேர்ந்ததாகக் கேள்விப்பட்ட கதைகளால் உருவானது. ஓர் ஊரில் ஒருவருக்குத் தனித் தட்டு வைத்தார்கள் என்றால், அச்செய்தி நூறு பேரின் வாயை அடைத்துவிடுகிறது. செய்தியை மறைப்பதற்கென்றே நோயாளிகள் கைக்கொள்ளும் உத்திகள் அவர்களுடைய மனச்சோர்வுடன் தொடர்புடையவை என்பதும் அவ்வாய்வின் முடிவாகும்.

இதைக் கொண்டு அச்சம் வீணானது என்று அதிகாரிகள் முடிவுகட்டிவிடலாகாது. அவமதிப்புக்கு ஆளானவர் குறைவாக இருந்ததற்கு, பலர் கூறாமலே இருந்ததும் ஒரு காரணமாகலாம் அன்றோ?

ஒரு வழக்கும் ஒரு சட்டமும்

தாமாகக் கூறாமலே செய்தி வெளியானால் நேர்வது என்ன என்பதற்குச் சென்னையில் தோன்றிய வழக்கு ஒன்று சான்றாகும். 1995-இல் வடகிழக்கு மாநில மருத்துவர் ஒருவர் இங்குள்ள தனியார் மருத்துவமனை ஒன்றில் இரத்தம் கொடுத்தபோது தொற்று தெரியவந்தது. செய்தி அவருடைய உறவினருக்குச் சென்றது. நிச்சயிக்கப்பட்டிருந்த திருமணம் நின்றது. ஊராரின் ஒதுக்கலைத் தாங்காமல் அவர் சொந்த மாநிலத்தை விட்டு வெளியேறினார். மணப்பெண்ணின் நலமே மேலானது என்று கூறி உச்ச நீதிமன்றம் 1998-இல் அவருடைய கோரிக்கையை ஏற்கவில்லை. இத்தகையோரின் திருமண உரிமை குறித்து அத்தீர்ப்பில் கூறப்பட்ட கருத்துகள் தேவையற்றவை என்று 2002-இல் அதே நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. மணப்பெண் அறிய வேண்டும் என்பதை எவரும் மறுக்கமாட்டார். ஆனால் ஊர் முழுவதும் அறிய வேண்டிய தேவை என்ன என்ற வினா எஞ்சியது.

2017-இல் நிறைவேறி 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் இவ்வினாவுக்குப் பெருமளவு விடையளித்துள்ளது. நம்பி ஒப்படைக்கப்பட்ட செய்தியை, உரியவரின் எழுத்து வடிவிலான இசைவின்றி வெளியிடலாகாது என்பது பொது விதி. பெற்றோர், உடன்பிறந்தோர், மாமனார், மாமியார் ஆகியோருக்கு உறவின் காரணமாகவே அறியும் உரிமை எதையும் இச்சட்டம் வழங்கவில்லை. சிகிச்சைத் தேவை, நீதிமன்ற ஆணை போன்ற சில விலக்குகள் உண்டு.

வாழ்க்கைத்துணையின் நிலை வேறு. அவருக்குத் தொற்றும் அபாயம் மிகுதி என்று நம்பக் காரணம் இருந்து, ஆலோசனை அளித்தும் நோயாளி கூறமாட்டார் என்று தெரிந்தால், மருத்துவரோ ஆலோசகரோ, முன்கூட்டி நோயாளிக்கு அறிவித்துவிட்டு, துணையிடம் நேரில் தெரிவிக்கலாம். பெண் நோயாளியானால் மற்றுமொரு காப்பு உண்டு. அச்செய்தியால் அவருக்கு அடியோ கைவிடப்படுதலோ நேரும் என்று அஞ்ச நியாயம் இருந்தால், அவர் கணவரிடம் தெரிவித்தல் ஆகாது. கணவனிடமிருந்தே தொற்றைப் பெற்ற மனைவி, கருவுற்ற காலத்துப் பரிசோதனையில் முதலில் கண்டறியப்பட்டு, நோயைக் கொணர்ந்தவளாகப் பழிக்கப்படும் வீடுகளை எண்ணினால் இவ்விதியின் அருமை விளங்கும்.

மருந்து மாற்றிய கணக்கு

2004 ஏப்ரலில் அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்துச் சிகிச்சை இலவசமாகத் தொடங்கப்பட்டது. அதற்கு முன் செய்தியைக் கூறுவது பெரும்பாலும் மரணத்தை அறிவிப்பதாகவே இருந்தது. இன்று நிலைமை வேறு. இந்தியா உள்ளிட்ட 9 நாடுகளில் 1,763 தம்பதியரிடம் நடந்த ஆய்வு, உரிய காலத்தில் தொடங்கும் சிகிச்சை துணைக்குத் தொற்றுவதை 96 விழுக்காடு குறைப்பதாக 2011-இல் காட்டியது. இரத்தத்தில் கிருமி கண்டறிய இயலாத அளவுக்குக் குறைந்த நிலை நீடித்தால் உடலுறவின் வழியே தொற்றுவதில்லை என்பது பின்னர் உறுதியாயிற்று. ஆகவே, துணையிடம் நோயைக் கூறுபவர் இப்பொழுது பாதுகாப்பையும் சேர்த்தே கூற இயலும்.

ஆனால் மருந்தே செய்தியைக் காட்டிக்கொடுக்கவும் கூடும். ஒண்டுக்குடித்தன வீட்டில், ஒரே அறையில் ஐவர் உறங்கும் இடத்தில், நாள்தோறும் ஒரு வேளை மாத்திரையை எவருமறியாமல் விழுங்குவது எளிதன்று. புட்டியின் மேலொட்டைக் கிழிப்பதும், உறவினர் வந்த நாளில் வேளை தவறுவதும் இதனால் நேர்பவை. வேளைகள் தவறினால் கிருமி மருந்துக்கு எதிர்ப்பாற்றல் பெறும். எனவே வீட்டில் ஒருவரேனும் அறிந்திருப்பது சிகிச்சைக்குத் துணை என்று ஆலோசகர்கள் கருதுகின்றனர். அந்த ஒருவர் யார்? மூத்தவராகவோ சம்பாதிப்பவராகவோ இருக்க வேண்டுவதில்லை. முன்பு ஒரு இரகசியத்தைக் காத்தவராக இருத்தல் நலம். சில வீடுகளில் அவர் அண்ணியாக இருக்கலாம். சில வீடுகளில் வீட்டுக்கு வெளியே உள்ள நண்பராகவும் இருக்கலாம். சோதனை முடிவு கையில் கிடைத்த அன்றே அனைவரிடமும் கூற வேண்டும் என்ற அவசரம் எவருக்கும் இல்லை. துணையின் பரிசோதனை ஒன்றுதான் காலம் தாழ்த்தக் கூடாதது.

வீட்டார் அனைவரும் அறிந்து, நோயாளி மட்டும் அறியாத நிலையும் உண்டு. பிறப்பிலேயே தொற்றுற்ற குழந்தைகளின் நிலை அது. சத்து மாத்திரை என்று கூறி ஆண்டுக்கணக்கில் மருந்தூட்டும் பாட்டிமார் இருக்கின்றனர். 6 முதல் 12 வயதுக்குள், புரியும் அளவுக்கேற்பப் படிப்படியாகக் குழந்தையிடம் கூறுமாறு உலக சுகாதார நிறுவனம் 2011-இல் பரிந்துரைத்தது. பெற்றோர் இதைத் தள்ளிப்போடுவதன் காரணம் பெரும்பாலும் குழந்தையின் வயதன்று, "எனக்கு எப்படி வந்தது?" என்று அது கேட்கப்போகும் அடுத்த கேள்வியே.